சுமையோடு மூச்சையும் தூக்கியவர்

பிறர் பொருளைத் தன் உயிர்போல் எண்ணும் கருத்துடைமை அருங்குணம். அக்குணமே ஒருவர் விலா எலும்புகளைப் பூட்டிவிடும் என்று யார் கண்டார்? பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் என்னும் சுமைதூக்கி வண்டி ஓட்டும் ஒருவருக்கு அது நேர்ந்தது. உடன் வேலை செய்வோர் அவரை மௌனச்சாமி என்பர். வண்டி சுமையைத் தூக்கிவிட்டால் இடியே விழுந்தாலும் அவர் வாய் திறவார்.

சுமை உயரமானால் முன்வழி மறையும். உடலைத் திருப்பிப் பின்னே பார்த்தபடியே வண்டியைப் பின்னோக்கிச் செலுத்த வேண்டும். அந்தத் திருப்பம் சில மாதங்களாக அவருக்கு வாய்க்கவில்லை. கழுத்து திரும்பும், மேல்முதுகு மரக்கட்டையாய் நிற்கும். ஒரு நாள் வண்டி தூணில் உரசிற்று. மேற்பார்வையாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்:

"மாசக் கடைசியில ஓட்டிக் காட்டுங்கண்ணே. பின்னாடி பார்க்க முடியலைன்னா சீட்டு வேற ஆளுக்குத்தான்."

இளமைதொட்டு அமர்ந்த இருக்கை. அது போனால் மூலையில் நின்று அட்டை ஒட்டும் வேலைதான். மனைவி அவரை இயன்முறை மருத்துவரிடம் இழுத்துச் சென்றாள்.

மருத்துவர் இளம்பெண். அவள் அவருடைய விலாவின் இருபுறமும் கைகளைப் பதித்தாள்.

"மூச்சை இழுங்க சார்... தோள்தான் ஏறுது. விலா அசையவே இல்ல."

"விலா அசையுமாம்மா? அது பாட்டுக்குச் சும்மா நிக்கும்னுல்ல நெனச்சேன்!"

"ஒவ்வொரு மூச்சுக்கும் விரியணும். பின்னாடி அது முதுகெலும்போட சேர்ற இடம் இறுகிப்போனா, முதுகும் திரும்பாது."

அவருக்கு வியப்புத் தாளவில்லை. வழியெல்லாம் சட்டைக்குள் கைவிட்டுத் தன் விலாவையே தடவிக்கொண்டு வந்தார்.

வீட்டில் பயிற்சி தொடங்கிற்று. ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி, மேலே உள்ள கையைப் புத்தக அட்டை திறப்பதுபோல் பின்புறம் விரித்து, விரிக்கையில் மூச்சை விட வேண்டும். நாளடைவில் முதுகு இளகியது. ஆனால் வண்டியில் ஏறினால் மீண்டும் பூட்டு! தரையில் திரும்பும் முதுகு இருக்கையில் ஏன் முரண்டுகிறது? அந்தக் கேள்வி அவரைக் குடைந்தெடுத்தது. மனைவியோடு மருத்துவரிடமே போய்க் கேட்டார்.

"நாற்காலியில உட்காருங்க. வண்டியில பெட்டியைத் தூக்குற மாதிரி செஞ்சு காட்டுங்க" என்று அவள் மறுபடியும் விலாவில் கை வைத்தாள். அவர் இல்லாத நெம்புகோலை இழுத்தார்.

"சார்! மூச்சை நிறுத்திட்டீங்களே!"

"பின்ன? தூக்கும்போது மூச்சு விட்டா பெட்டி ஆடிடாதா?"

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தூக்குறது வண்டிங்க! என்னமோ உங்க தலையில வச்ச மாதிரி!"

"பேசிக்கிட்டே ஓட்டுங்க சார்" என்றாள் மருத்துவர். "மூச்சை அடக்கி அடக்கித்தான் விலா இறுகிப்போச்சு. பேசினா மூச்சு நிக்காது."

சோதனை நாளில் கண்ணாடிப் பலகைகள் அடுக்கிய பெட்டியைக் கொடுத்தார்கள். அவர் நெம்புகோலை இழுத்தார். நெஞ்சு இறுகப் பார்த்தது. சட்டென்று வாய் திறந்தார்.

"வாம்மா... மெதுவா வா... உனக்கு என்ன அவசரம்?"

"யாரோடண்ணே பேசறீங்க?" என்று கேட்டார் மேற்பார்வையாளர்.

"பெட்டியோடப்பா. நீ கொஞ்சம் தள்ளி நில்லு!"

சொல்லோடு மூச்சு இறங்கிற்று. மூச்சோடு மார்பும் திரும்பிற்று. பின்வழி முழுதும் கண்ணில் விரிந்தது. தூணோரம் ஒருவர் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தி, பெருக்குபவர் விலகியபின் சுமையை அலுங்காமல் இறக்கினார்.

"சீட்டு உங்களுக்குத்தாண்ணே" என்றார் மேற்பார்வையாளர்.

அவர் நெஞ்சு நாளும் விரிக. அவர் மனையில் நோய் அணுகாதிருக்க. சிரித்துத் திருத்தும் துணைவியோடு அக்குடி நீடு தழைக்க!