உயர வித்தியாசம் பூஜ்யம்

இரண்டு வருடம் இருக்கும். தை மாதம், பனி இன்னும் விடவில்லை. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் உள்ள என் கணவரின் குலதெய்வக் கோயிலில் எங்கள் மகளுக்குக் காது குத்துவதாக இருந்தது. அவளுக்கு அப்போது மூன்று வயது. மாமியாரும் சொந்தக்காரர்களும் முந்தின நாளே போய்விட்டார்கள். நாங்கள் மூன்று பேர் மட்டும் காலையில் விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்துக் கிளம்பினோம்.

என் கணவரின் போனைப் பற்றி முதலில் சொன்னால்தான் நடந்தது புரியும். அவர் பல வருடம் வளைகுடா நாட்டில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் வேலை பார்த்தவர். புல் வெட்டுவது, தண்ணீர் விடுவது, குழியில் கொடி நடுவது இதெல்லாம் அவர் வேலை. அங்கே விளையாட வருகிறவர்கள் போனில் ஓர் ஆப் வைத்திருப்பார்களாம். நிற்கிற இடத்திலிருந்து கொடி எத்தனை தூரம், எவ்வளவு மேடு, எவ்வளவு பள்ளம் என்று அது சொல்லிவிடுமாம். மனிதர் ஊருக்குத் திரும்பும்போது தங்கம் கொண்டுவந்தாரோ இல்லையோ, அந்த ஆப்பைக் கொண்டுவந்துவிட்டார்.

விழுப்புரத்தில் கோல்ஃப் மைதானத்துக்கு எங்கே போவது? எங்கள் வாசலிலிருந்து பால் கடை எத்தனை யார்டு, ரயில்வே கேட் எத்தனை யார்டு என்று அளந்துகொண்டிருப்பார். மொட்டைமாடியும் சமையலறையும் ஒரே உயரம் என்று ஒரு நாள் அது காட்டியது. "அப்ப மாடிப்படியே வேணாம், அப்படியே நடந்து போங்க" என்று கிண்டல் செய்தேன். உயரம் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும், தூரம் மட்டும் தப்பவே தப்பாது என்று சாதித்தார்.

அன்றைக்கு அப்படியொரு பனி. பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்துதான் போனது. திண்டிவனத்தில் ஷேர் ஆட்டோ பிடித்து, மெயின் ரோட்டில் ஒரு மண் பாதை பிரிகிற இடத்தில் இறங்கும்போதே நேரமாகிவிட்டது. அந்தப் பாதை ஊரையெல்லாம் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகும். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை காரில் அந்த வழியாக வந்திருக்கிறேன்.

அப்போது என் தம்பி போன் செய்தான். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே காது குத்துவார்கள், அவன் அங்கே தயாராகக் காத்திருந்தான்.

"எங்கக்கா இருக்கீங்க? ராகு காலம் வந்துடும்னு உங்க மாமியார் கத்திக்கினு இருக்காங்க. ஜல்தியா வாங்க."

அவன் அனுப்பிய இடத்தை வைத்து என் கணவர் ஆப்பில் கொடி நட்டார். சிக்னல் சரியில்லாததால் வரைபடம் வரவில்லை. வெறும் சாம்பல் நிறக் கட்டத்தில் ஒரு கொடியும் ஓர் எண்ணும் மட்டும் தெரிந்தன.

"நானூறு யார்டுதான். சுத்திக்கினு போனா ரெண்டு கிலோமீட்டர் வரும். குறுக்கால மல்லாட்டைக் கொல்லைதான், சின்ன வயசுல நான் ஓடியாடுன எடம். வா" என்றார். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை.

"ஒண்ணும் தெரியலைங்க. மேடு பள்ளம் எதுனா இருக்கப் போவுது" என்றேன்.

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "உயர வித்தியாசம் பூஜ்யம்னு போட்டிருக்கு பாரு. நாம நிக்கிற எடமும் கோயிலும் ஒரே மட்டம். அப்புறம் பள்ளம் எங்கேருந்து வரும்?"

எனக்கும் அந்தக் கணக்கு சரியென்றுதான் பட்டது.

மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். பட்டுப் பாவாடையும் புதுச் செருப்புமாக அவள் மேலே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே வந்தாள். பூவும் பழமும் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். நாலு அடி தள்ளினால் அவர் முதுகே மங்கிவிடும். அதனால் அவர் எண்ணைச் சொல்லச் சொல்ல, அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். முந்நூறு என்றார். கொஞ்சம் கழித்து இருநூற்று ஐம்பது என்றார். நேர் எதிரே கோயில் பம்பை மேளச் சத்தமும் கேட்க ஆரம்பித்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது.

ஆனால் காலுக்குக் கீழே மண் மாறியிருந்தது. மாவு மாதிரி வெள்ளையாகக் கல்தூளும் உடைந்த ஜல்லியும் கிடந்தன. "மல்லாட்டைக் கொல்லையில ஏதுங்க இவ்வளவு கல்லு?" என்று கேட்டேன். "ரோடு போடக் கொட்டி வெச்சிருப்பாங்க" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

அப்போதுதான் மகளின் ஒரு செருப்பு கழன்று முன்பக்கமாகப் போய் விழுந்தது. "அப்பா, செருப்பு" என்றாள். அவர் நின்று, ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, எடுப்பதற்காக முன்னால் குனிந்தார்.

செருப்பு தரையில் விழுந்த சத்தமே எனக்குக் கேட்கவில்லை. அது ஏன் என்று நினைக்கும்போதே, எங்கேயோ ரொம்பக் கீழேயிருந்து, தண்ணீருக்குள் 'தொபக்' என்று சத்தம் வந்தது.

அவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். அவர் பாதத்துக்குக் கீழேயிருந்து ஜல்லி சரசரவென்று உருண்டது. ஒவ்வொரு கல்லும் சத்தமில்லாமல் போய், பிறகு தண்ணீரில் விழுந்தது. கத்த வாய் திறந்தவள் உடனே பொத்திக்கொண்டேன். அவர் துள்ளித் திரும்பினால் இரண்டு பேரும் போய்விடுவார்கள். மகளோ செருப்பு வேண்டும் என்று அழுதுகொண்டே அவர் தலைக்கு மேலே முன்பக்கமாகச் சாய்ந்தாள்.

"பாப்பாவைப் புடி. கிட்ட வராத" என்றார் மூச்சுக்குள்ளேயே.

கிட்டே போகாமல் எப்படிப் பிடிப்பதாம்? பையைப் போட்டுவிட்டு அந்தக் கல்லில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே நகர்ந்து போனேன். வேட்டியைப் பிடித்தால் வேட்டிதான் கையோடு வரும். நல்லவேளையாக, வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்பதற்கு அடையாளமாக அகலமான பச்சை பெல்ட் கட்டியிருந்தார். அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, குதிகாலை ஜல்லிக்குள் ஊன்றிக்கொண்டேன்.

"மெதுவா. பின்னால காலை வெய்ங்க. நான் புடிச்சிக்கினு இருக்கேன்."

ஒரு காலைப் பின்னால் வைத்தார். முன்னால் இருந்த கல் சரிந்து இறங்கியது. இன்னொரு காலையும் எடுத்து வைக்கும்போது நிலை தவறி, மகளோடு அப்படியே என் மேல் விழுந்தார். விழுந்தது பின்பக்கம்தான். எங்களுக்குள் யார் கை யார் கால் என்று தெரியாமல் கொஞ்ச தூரம் தவழ்ந்து வந்து கிடந்தோம். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

வெயில் ஏறியதும் பனி விலகியது. எங்களுக்கு முன்னால் கத்தியால் வெட்டியது போல ஒரு கல் குவாரி இருந்தது. எட்டிப் பார்க்கவே முடியாத ஆழத்தில் பச்சைத் தண்ணீர் கிடந்தது. அதன் எதிர்க்கரையில், எங்களுக்கு நேர் மட்டத்தில் கோயில் பந்தல் போட்டிருந்தார்கள். தம்பி பந்தல் ஓரத்தில் நின்று, வா வா என்று கையை ஆட்டினான். கீழே கிடந்த போனை எடுத்தேன். உயர வித்தியாசம் பூஜ்யம் என்றே காட்டிக்கொண்டிருந்தது.

அவர் வெளிநாட்டில் இருந்த வருடங்களில் அந்தக் கொல்லை குவாரிக்குப் போய்விட்டது. தோண்டி முடித்தவர்கள் வேலிகூடப் போடாமல் கிளம்பிவிட்டார்கள். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்து யாருமே சொல்லவில்லை. நாங்கள் மெயின் ரோட்டுக்குத் திரும்பி, சுற்றுப் பாதையிலேயே கோயிலுக்குப் போனோம். நேரத்துக்கு வரவில்லை என்று மாமியார் திட்டினார். அந்தத் திட்டு அவ்வளவு இனிமையாக இருந்தது.

ராகு காலமெல்லாம் கழிந்து, தம்பி மடியில் வைத்துக் காது குத்தியபோது மகள் வீறிட்டு அழுதாள். அவளைவிட நான் அதிகமாக அழுதேன். ஊசி குத்துவதைப் பார்க்க முடியாமல் அழுகிறேன் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தப் போன் அன்றைக்கு ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. தூரமும் சரி, உயரமும் சரி. நடுவில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, நாங்களும் யாரிடமும் கேட்கவில்லை. அத்தனை உண்மையையும் கையில் வைத்துக்கொண்டுதான் என் குழந்தையைப் பறிகொடுக்க இருந்தேன் என்று நினைத்தால், பட்டப்பகலில்கூட என் கை தானாக அவளைத் தேடுகிறது.