படிக்கிணற்றில் எடுத்த பன்னிரண்டு பாட்டில்

செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால். பன்னிரண்டாவது பாட்டிலிலும் ஒன்றுமில்லை என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

1930களின் கடைசி அது. நரம்புச்சிலந்தி நோயை ஆராய வந்த டாக்டரிடம் நான் லேபரட்டரி அசிஸ்டெண்ட். நல்லம்பள்ளிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வீட்டுக்கு ஒருவர், காலைப் பொத்துக்கொண்டு வரும் புழுவைக் குச்சியில் சுற்றியபடி படுத்துக் கிடந்தார்.

ஊருக்கு ஒரே படிக்கிணறு. நோய் அதிலிருந்து வருவதால் அதைத் தூர்த்துவிட ஜில்லா போர்டில் பேச்சு நடந்தது. அடுத்த குடிதண்ணீருக்கு இரண்டு மைல் நடக்க வேண்டும். டாக்டர் ஒப்பவில்லை.

"கிணறு என்னய்யா பண்ணும்? புழு வந்த காலோட தண்ணிக்குள்ள எறங்கறாங்க. அது அங்க குட்டி போடுது. குட்டியத் தண்ணிப்பூச்சி தின்னுது. பூச்சியோட தண்ணிய இவங்க குடிக்கறாங்க. படிய அடைச்சு, மேலயிருந்து எறைக்க உருளை போட்டா போதும்."

வியாழக்கிழமை போர்டு மெம்பர் வருகிறார். அதற்குள் புழுவை அவர் கண்ணுக்குக் காட்ட வேண்டும். என் பாட்டில்களோ சுத்தமாக இருந்தன!

மறுபடி கிணற்றுக்கு ஓடினேன். முன்போலவே மேலே கரையில் நின்று, கயிற்றில் கட்டிய பாட்டிலை நடுக்கிணற்றில் இறக்கினேன். கீழே முழங்கால் தண்ணீரில் குடம் நிரப்பிக்கொண்டிருந்த முனியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். நோயால் அவள் புருஷன் ஏர் பிடித்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

"ஏனுங்க சாரு, அங்க எதுக்குங்க மொள்ளறீங்க?"

"டெஸ்ட்டுக்கும்மா. நீங்க குடிக்கற தண்ணி."

"நடுக்கெணத்துல எவ மொண்டா? இந்தப் படியோரந்தான் மொள்ளுவோம். பூட்சு நனையுமுன்னு மேலயே நிக்கறீங்களாக்கும்!"

பெண்கள் சிரித்தார்கள். உண்மை அதுதான். பூட்ஸைக் கழற்றி, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். அவர்கள் நின்ற இடத்திலேயே ஆறு பாட்டில் முக்கினேன்.

திரும்பி வந்து பார்த்தபோது முதல் பாட்டிலிலேயே கிடைத்தது. புள்ளியளவு பூச்சி, அதன் வயிற்றுக்குள் நூல்போல ஒன்று சுருண்டு நெளிந்தது. "சார்!" என்று கத்திவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த டாக்டர் எச்சில் கையோடு ஓடிவந்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

முதல் பன்னிரண்டை எங்கே எடுத்தேன் என்பதை ஒப்புக்கொண்டேன். திட்டு விழும் என்று நின்றேன்.

"அதையெல்லாம் கொட்டிட்டியா?"

"இல்லீங்க சார். லேபிள் ஒட்டி வெச்சிருக்கேன்."

"சபாஷ்! மேலயிருந்து கயித்துல எடுத்தது சுத்தம், கால் வெக்கற எடத்துல புழு. இதைவிட என்னய்யா சாட்சி வேணும்?"

வியாழன் பத்து மணிக்கு மெம்பர் வந்தார். "கெணத்த மூடினா நோயும் மூடிக்கும், டாக்டர். சீக்கிரம் காட்டுங்க" என்று அலுப்போடு குனிந்தவர், சட்டென்று பின்வாங்கினார்.

"அடேயப்பா, நெளியுதே! வந்ததும் எனக்கு எந்தத் தண்ணியக் குடுத்தீங்க?"

"இதே கெணத்துத் தண்ணிதாங்க. வடிகட்டிக் காய்ச்சினது" என்றார் டாக்டர்.

இரண்டு வரிசைப் பாட்டில்களையும் மெம்பர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கையிலிருந்த உத்தரவு வரைவில் 'தூர்க்க' என்பதை அடித்துவிட்டு, 'படிகளை அடைத்து உருளை அமைக்க' என்று பென்சிலால் எழுதினார். பின்னால் தாலுக்காவின் மற்றப் படிக்கிணறுகளுக்கும் அதே வாசகம் உத்தரவாகப் போயிற்று.

உருளை பூட்டிய அன்று, முதல் குடத்தை இழுத்தவள் முனியம்மாள். "கால் தப்பிச்சுது சாரு, இனி கைதான் வலிக்கும். அதுக்கும் ஒரு டெஸ்ட்டு பண்ணுங்க!"

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒன்றுமில்லாத பாட்டிலுக்கும் லேபிள் ஒட்டுங்கள். அதற்கு முன் பூட்ஸைக் கழற்றுங்கள்.