பெயர் கூப்பிடும்வரை

அழகையா பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அசைவார். கிளினிக்கில் தன் முறை வந்துவிட்டது என்று தெரிந்தாலும், பெயர் காதில் விழும்வரை வாங்கிலை விட்டு எழும்பமாட்டார். கலியாண வீட்டில் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்த பிறகும் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "அழகையா, வாங்கோ" என்று யாராவது சொன்னால்தான் கை கழுவுவார். வெள்ளாங்குளத்தில் இதற்காக அவரைச் சீண்டாதவர்கள் இல்லை. சீண்டுவதில் முதல் ஆள் அவருடைய மனைவி புஸ்பம்.

"பெரட்டுக்களத்த விட்டு வந்து நாப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. இந்த மனுசன் காது மட்டும் இன்னும் அங்கதான் கெடக்கு" என்பாள்.

தேயிலைத் தோட்டத்தில் விடிந்ததும் தொழிலாளர்கள் வரிசையாக வந்து நிற்கும் இடம்தான் பெரட்டுக்களம். கணக்கப்பிள்ளை பெயர் வாசிப்பார். "ஐயா" என்று குரல் கொடுத்தால் அன்றைக்கு வேலை உண்டு. வராதவருக்காக வீட்டு ஆள் ஒருவர் "வரலைங்க ஐயா" என்று சொல்லவேண்டும். கூப்பிடாமல் வாய் திறக்கக்கூடாது. அழகையாவின் தகப்பன் ஒரு காலையில் திறந்தார். குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுகிறது என்றார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு பல நாள் அவருடைய பெயரை யாரும் வாசிக்கவில்லை. பிள்ளைகள் வெறுந்தேநீரோடு படுத்தார்கள். அழகையா அதை ஆயுசுக்கும் மறக்கவில்லை.

கலவரத்தில் மலையை விட்டு இறங்கி, வன்னியில் காடு வெட்டி, கொட்டில் போட்டு, யுத்தத்தில் அதையும் விட்டு ஓடி, முகாமில் கிடந்து, திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்கிய மனிதர் அவர். உழைப்பில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வாய்க்குத்தான் பூட்டு.

அவர்களுடைய குடியிருப்புக்கும் தார் றோட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை. அதைக் கடக்க இருந்த சின்னப் பாலம், அந்த மதகு, ஒரு மாரி வெள்ளத்தில் இடிந்து போயிற்று. கோடையில் இறங்கி ஏறலாம். மாரியில் இடுப்பளவு தண்ணீர். புஸ்பத்துக்கு முட்டு வருத்தம் இருந்தது. மழைக்குளிர் பட்டால் மூச்சு இழுக்கும். மதகு அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் தேவைதான். அழகையாவுக்கு அது புஸ்பத்தின் உயிர்.

அந்த வருசம் பிரதேச சபை ஊர்ச் சனத்தைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டது. அடுத்த ஆண்டு என்னென்ன வேலை செய்வது என்பதை மக்களே சொல்லட்டும் என்றார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கூட்டத்தை வேலை நாளில் வைத்தார்கள். கூலிக்குப் போகிறவன் எப்படி வருவான் என்று அந்தப் பெரிய மனிதர்களுக்கு யோசனை போகவில்லை. கடைசியில் வயதாகி வேலைக்குப் போகாத அழகையாவைத்தான் குடியிருப்பு அனுப்பியது.

அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். முன்னால் கதிரைகள் காலியாக இருந்தும் பின்சுவரோடு நின்றார். சபைத் தவிசாளர் இராசேந்திரம் கெட்டவர் இல்லை.

"உங்கட கூட்டம்தான் இது. கூச்சப்படாமல் எழும்பிக் கதையுங்கோ" என்று பலமுறை கேட்டார்.

ஒருவர் விளையாட்டு மைதானம் கேட்டார். ஒருவர் தெருவிளக்குக் கேட்டார். அழகையா தோளில் கிடந்த துவாயை முறுக்கியபடி தன் பெயருக்காகக் காத்திருந்தார். பெயர் வரவில்லை. கூட்டம் முடிந்தது. தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தார்.

"அப்பா, நீங்கள் ஏன் கதைக்கேல்ல?" மகள் விஜிதாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வன்னியில் பிறந்தவளுக்குப் பெரட்டு எங்கே தெரியும்?

"பேரு கூப்புடலையே புள்ள."

புஸ்பம் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து, இருமல் அடங்கிய பிறகும் சிரித்தாள்.

"மதகு வேணும்னு சொல்ல என்னாங்க இருக்கு? முட்டுக்காரி நானே ஒரே மூச்சுல சொல்லிருவேன். அடுத்த வருசம் நான் போறேன்."

சொன்னதோடு விடவில்லை. மறுநாளே பிரதேச சபைக் கந்தோருக்குப் போய், அடுத்த கூட்டத்தில் பேசுகிறவர்களில் தன் பெயரையும் பதிந்துவிட்டு வந்தாள்.

மாரி வந்தது. ஒரு நாள் காலையிலேயே அவளுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. அம்புலன்ஸ் சொன்ன நேரத்துக்கு வந்து, ஓடைக்கு அக்கரையில் நின்றது. அழகையாவும் மருமகனும் அவளைக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். அக்கரை கண்ணுக்குத் தெரிந்தது. அம்புலன்ஸின் கதவு திறந்திருந்தது. நடு ஓடையில் அவர் தோளைப் பிடித்திருந்த கை வழுகி விழுந்தது. வீட்டுக்கும் வண்டிக்கும் நடுவில், அந்தச் சேற்றுத் தண்ணீருக்கு மேலே, புஸ்பம் போய்விட்டாள்.

செத்த வீட்டுக்கு வந்தவர்கள் மதகைப் பற்றிச் சபையில் கேட்டார்கள். இந்த ஆண்டு வேலைகள் கூட்டத்திலேயே முடிவாகிவிட்டன, அடுத்த கூட்டத்தில் கேளுங்கோ என்று பதில் வந்தது. அழகையா ஒருவரையும் நோகவில்லை. தன்னைத்தான் நொந்தார். "நான்தான் அவளக் கொன்னேன்" என்று மகளிடம் ஒருமுறை சொன்னார். அப்படி இல்லையப்பா என்று அவள் சொன்னது அவருக்கு ஏறவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு அதே வெள்ளைச் சட்டையோடு போனார். பின்சுவரோடுதான் நின்றார். புதிதாக வந்த உத்தியோகத்தர் ஒருவர், பேசுவதற்குப் பதிந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஊரில் நடந்தது அவருக்குத் தெரியாது.

"புஸ்பம்."

இராசேந்திரம் தலையைக் குனிந்துகொண்டார்.

"புஸ்பம் வந்திருக்கிறாவோ?"

அழகையாவின் கைகள் தாமாகவே கட்டிக்கொண்டன.

"வரலைங்க ஐயா."

உத்தியோகத்தர் அடுத்த பெயரை வாசித்தார். அது அழகையாவின் பெயர் இல்லை. ஆனாலும் அவர் சுவரை விட்டு விலகி, கதிரைகளுக்கு நடுவால் முன்னுக்கு நடந்தார்.

"எங்க ஓடைக்கு மதகு வேணும்."

சொல்லி முடித்துவிட்டார். அவள் சொன்னது சரிதான், அதற்கு ஒரு மூச்சுத்தான் தேவைப்பட்டது.