அரக்கி வேஷம்

சுனாமிக்குப் பிறகு வந்த ஒரு வருஷம் அது. வங்கக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள் சேர்ந்து பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஒரு விழா நடத்தின. கரையோர ஊர்களில் முடித்துவிட்டு ஒரு நாள் சுங்குவார்சத்திரத்துக்கும் வந்தார்கள். கடலே இல்லாத ஊரில் கடலுக்கு எதற்கு விழா என்று கேட்காதீர்கள். பந்தல் செலவு எங்கள் கம்பெனியுடையது. வேறு எங்கே போடச் சொல்வார்கள்?

நான் அப்போது அங்கே ட்ரெய்னி. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு மீனவ ஊரிலிருந்து வந்து, ஹாஸ்டலில் தங்கி, அசெம்பிளி லைனில் நின்று ஸ்குரூ முடுக்கிக்கொண்டிருந்தேன். யாரை நிரந்தரமாக்குவது என்று அந்த மாதம்தான் முடிவு செய்ய இருந்தார்கள். ஊரில் அம்மாவும் தம்பியும் என்னை நம்பித்தான் இருந்தார்கள்.

விழாவில் எங்கள் லைன் ஒரு நாடகம் போட வேண்டும். எழுதியவர் சூப்பர்வைசர். கடல் என்கிற அரக்கி பொங்கி வந்து ஊரை விழுங்குவாள். யூனிஃபார்ம் போட்ட நாங்கள் மரக்கன்றோடு போய் அவளை விரட்டுவோம். உலகத்தைச் சூடாக்கியவர்கள் ஒருவர்கூட அந்த நாடகத்தில் இல்லை. எனக்குக் குரல் பெரிது, போதாததற்குக் கடற்கரைக்காரி. வேஷம் என் தலையில் விழுந்தது.

"நீதாம்மா கரெக்ட்டு. கடல பாத்துகினே வளந்தவ," என்றார் சூப்பர்வைசர். பாராட்டுவதாகத்தான் நினைத்தார், பாவம்.

எங்கள் ஊரில் கடலை ஒரு சொல் தப்பாகப் பேச மாட்டார்கள். கால் நனைக்கும் முன் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் வைப்பார்கள். அப்பா போன வள்ளம் திரும்பாத அன்று, துக்கம் விசாரிக்க வந்த வெளியூர்க்காரர் ஒருவர் "பாழாய்ப்போன கடல்" என்றார். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, "அப்படிச் சொல்லாதிய. சோறு போட்டவ அவ," என்றாள். கரை அரித்து எங்கள் தெருவில் ஒரு வரிசை வீடே போன பிறகும் யாரும் அவளை வையவில்லை.

ஒத்திகையில் சொன்னேன். "கடல அரக்கின்னு சொல்ல என்னால முடியாது சார். எங்களுக்கு அவ தாயி."

"நாடகம்தானேம்மா. வாயால சொன்னா இன்னா ஆயிடும்? உன் கன்ஃபர்மேஷன் என் கையிலதான் கீது, பாத்துக்கோ."

பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட எரிச்சல் அதிகம்.

விழா அன்று கறுப்புச் சேலையும் அட்டைப் பல்லுமாக மேடை ஏறினேன். "அரக்கியே, ஓடு" என்று மரக்கன்றுகள் நெருங்கியபோது பல்லைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு மைக்கின் முன்னால் போய் நின்றேன்.

"நான் அரக்கி இல்ல. நான் பாட்டுக்குக் கெடந்தேன். சூடாக்கினது நீங்க. இப்ப என்னையே வெரட்ட வாரியளா? நான் எங்க போவேன்?"

இலங்கையின் மன்னாரிலிருந்து விழாவுக்கு வந்திருந்த ஓர் அம்மாள் முன்வரிசையில் எழுந்து, "எங்கட பக்கமும் அவ தாய்தான் பிள்ளை," என்றார். அந்த ஒரு பேச்சில் எனக்குக் கம்பெனியே சின்னதாகிவிட்டது.

மேடைக்குப் பின்னால் சூப்பர்வைசர், "ஊருக்குப் போக ரெடியாயிக்கோ," என்றார். சொன்னபடியே செய்தார். நிரந்தரமானவர்களில் நான் இல்லை. ஊர் பஸ்ஸில் அழுதேன், மறைப்பானேன். ஆனால் அவரிடம் போய் நிற்கவில்லை.

அடுத்ததாக அதே நாடகம் வாலாஜாபாத்தில். என் அறைத்தோழி எங்கள் தெருக்கடைக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவள் தேனிப் பக்கம், மெரினாவைக்கூடப் பார்க்காதவள். அரக்கிக்கு ஆள் கேட்டபோது லைனில் ஒரு கைகூட எழவில்லையாம். அடுத்த கன்ஃபர்மேஷனுக்குக் காத்துக்கிடந்த பெண்களும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். கடைசியில் சூப்பர்வைசரே கறுப்புச் சேலையைச் சுற்றிக்கொண்டு மேடை ஏறினாராம்.

"வெரட்டணும்னுதான எழுதி வச்சிருந்தாரு," என்றாள். "நல்லாவே வெரட்டுனோம்டி. மரக்கன்னு அத்தனையும் ஒடிஞ்சு போச்சு."