தனலெட்சுமியின் பதினோரு இழுப்பறைகள்

தனலெட்சுமிக்கு ஆறு வயதில் தட்டம்மை வந்து இரண்டு கண்களும் போயின. முப்பத்தொன்பதாவது வயதில், செராஸில் தம்பி விஜயன் வீட்டுச் சமையலறையில், யாரோ திறந்து விட்டுப்போன மேல் அலமாரிக் கதவு அவர் நெற்றியைக் கிழித்தது. ஐந்து தையல். அன்றிலிருந்து தம்பி அவரைச் சமையலறைக்குள் விடவில்லை.

"நீங்க உக்காருங்கக்கா. சாப்பாடு வரும்."

"கதவு தொறந்து கெடந்துச்சு விஜயா. தப்பு கதவு மேல. தண்டனை எனக்கா?"

சாப்பாடு மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பதினாறு வருடமாகத் தொலைபேசி ஆப்பரேட்டராக இருந்தவர் தனலெட்சுமி. நாள் முழுக்க நூற்றுக்கணக்கான அழைப்புகளைத் தவறாமல் மாற்றிவிட்டு வீடு திரும்பினால், ஒரு முட்டை பொரிக்க அனுமதியில்லை. மறு வருடம், 1992இல், பிரிக்பீல்ட்ஸில் முதல் மாடியில் இரண்டு அறை வீடொன்றை வாங்கினார். பழைய கட்டடம். குளியலறைக் குழாய் ஒழுகியது. அதெல்லாம் பிறகு, முதலில் சமையலறை என்றார்.

என்ன வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. மேலே அலமாரி கூடாது. கீழேயும் கதவு கூடாது. எல்லாம் இழுப்பறை. அலமாரித் தட்டின் ஆழத்தில் கைவிட்டுத் துழாவினால் முன்னால் இருக்கும் பாட்டில்கள் உருளும். இழுப்பறையை வெளியே இழுத்தால் உள்ளே இருப்பதெல்லாம் மேலிருந்து கைக்குக் கிடைக்கும். மூட மறந்தாலும் தொடையில் இடிக்கும், அவ்வளவுதான்.

விஜயன் தனக்குத் தெரிந்த கெபினெட் வேலைக்காரர் தம்புசாமியை அழைத்து வந்தான். அவர் அளவெடுத்துவிட்டு விஜயனிடம் பேசினார்.

"பாஸ், பிரேம் போட்டே செஞ்சிருவோம். பெட்டிக்கு முன்னாடி நாலு பக்கமும் சட்டம் வரும். கெட்டியா நிக்கும். நான் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் செய்றேன்."

"வீடு என்னோடது அண்ணே" என்றார் தனலெட்சுமி. "என்கிட்டப் பேசுங்க. பிரேம் இல்லாமச் செய்ய மாட்டாங்களா?"

"செய்வாங்கம்மா. இப்ப புதுசா வந்திருக்கு. ஆனா..."

"ரெண்டையும் நான் தொட்டுப் பாக்கணும்."

தொட்டுப் பார்க்க என்ன இருக்கிறது என்று விஜயன் சலித்துக்கொண்டான். கூட்டிப்போக நேரமில்லை என்றான். சனிக்கிழமை அவர் தனியாக டாக்சி பிடித்து தம்புசாமியின் பட்டறைக்குப் போனார். ஒரு கையில் வெள்ளைக்கோல், மறு கையில் ஒரு கூடை. கூடையில் கரண்டிகள், இடியாப்ப உழக்கு, ஒரு பெரிய சில்வர் தாம்பாளம்.

பட்டறையில் இரண்டு மாதிரிகளும் ஒன்றரை அடி அகலத்தில் அருகருகே இருந்தன. பிரேம் போட்டதன் இழுப்பறையை இழுத்து, அது வெளியே வந்த வாய்க்குள் கையை விட்டு இடமும் வலமும் தடவினார். சட்டத்துக்குப் பின்னால் இரண்டு பக்கமும் வெற்றிடம் இருந்தது. வாய் குறுகல் என்பதால் இழுப்பறையையும் ஒடுக்கிச் செய்திருந்தார்கள். தாம்பாளம் அதில் இறங்கவில்லை. பிரேம் இல்லாத பெட்டியில் பக்கப் பலகையை ஒட்டியே இழுப்பறை ஓடியது. தாம்பாளம் உள்ளே படுத்துக்கொண்டது.

"சட்டத்துக்குப் பின்னால சும்மா கெடக்கே, இந்த எடம் யாருக்கு?"

"அது பிரேமுக்குப் போற எடம்மா."

"பிரேமா சமைக்கப் போவுது?"

தம்புசாமி சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவரிடம் ஒளிக்காமல் பேசினார். பிரேம் இல்லையென்றால் பலகை தடிமனாக இருக்க வேண்டும். பெட்டி ஒரு நூல் கோணினாலும் இழுப்பறை சிக்கும். பிரிக்பீல்ட்ஸ் பழைய கட்டடங்களில் நேரான சுவரே கிடையாது. கீழ் இழுப்பறையில் அரிசியைக் கொட்டினால் ஒரு நாள் தொங்கவும் தொங்கும்.

"வேலை ஜாஸ்திலா, வேற ஒண்ணுமில்ல."

"அந்த ஜாஸ்தி வேலையச் செஞ்சு குடுங்க."

மூன்று வாரம் கழித்து லோரியில் கெபினெட் வந்தது. தனலெட்சுமி வேலையில் இருந்தார். மாற்றுச் சாவி வைத்திருந்த விஜயன் கூட நின்று தம்புசாமியைக் கொண்டு எல்லாவற்றையும் பொருத்த வைத்தான். மாலையில் தனலெட்சுமி திரும்பியபோது இருவரும் இன்னும் அங்கேயே இருந்தார்கள். அவர் நேராகச் சமையலறைக்குப் போய் முதல் இழுப்பறையை இழுத்தார். கட்டைவிரல் சட்டத்தில் இடித்தது. இரண்டாவதிலும் இடித்தது. தாம்பாளத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். அது விளிம்பிலேயே நின்றது.

"யார் சொன்னது இப்படிச் செய்ய?"

"நான்தான்" என்றான் விஜயன். "கெட்டியா இருக்கட்டும்னுதான்கா. உங்க கண்ணுக்குத் தெரியவா போவுது?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. தம்புசாமி ஸ்குரூ டிரைவரை மேடைமேல் வைக்கும் சத்தம் கேட்டது.

"கண்ணுக்குத் தெரியாது. கைக்குத் தெரியுது" என்றார் தனலெட்சுமி. "அண்ணே, கழட்டுங்க."

"எல்லாத்தையுமாம்மா?"

"எல்லாத்தையும். விஜயா, சாவிய மேசை மேல வச்சிட்டுப் போ."

ஐந்து வாரம் அவர் ஒரு மடக்கு மேசையில் சமைத்தார். சாமான்கள் காகிதப் பெட்டிகளில் கிடந்தன. மல்லித்தூள் என்று மிளகாய்த்தூளைப் போட்டு ஒரு முழுச் சட்டிக் குழம்பைக் கொட்டினார். விரலைச் சுட்டுக்கொண்டார். தம்பியும் வரவில்லை, தம்பி வீட்டுப் போனும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, போய்விடலாமா, அங்கே சோறாவது நேரத்துக்கு வரும் என்று நினைத்துப் போனை எடுத்து நாலு எண் அழுத்தினார். பிறகு வைத்துவிட்டு, வெங்காயம் எந்தப் பெட்டியில் என்று தேடப் போனார்.

தம்புசாமி புதிய பெட்டிகளோடு தானே வந்தார். இரண்டு நாள் தரையில் படுத்து, மெல்லிய மரச்சில்லுகளைச் சொருகிச் சொருகிப் பெட்டிகளை மட்டத்துக்குக் கொண்டுவந்தார். முடித்ததும், "பாருங்கம்மா" என்றார். தனலெட்சுமி பதினோரு இழுப்பறைகளையும் ஒவ்வொன்றாக இழுத்து மூடினார்.

"நாலாவது உரசுது."

"பார்த்தா ஒண்ணும் தெரியலியே."

"சத்தம் கேக்குது அண்ணே."

அவர் திரும்பவும் தரையில் படுத்தார். அன்றிரவு தனலெட்சுமி ஒவ்வொரு இழுப்பறையின் மேல்விளிம்பிலும் பிரெயில் புள்ளி குத்திய நாடாவை ஒட்டினார்.

மறு வருடம் அரிசி வைத்த கடைசி இழுப்பறை, தம்புசாமி சொன்னபடியே, தொங்கியது. "நீங்க சொன்னீங்க, நான் கேக்கல" என்று அவரைக் கூப்பிட்டு ஒப்புக்கொண்டார். இழுப்பறை ஓடக் கனமான தண்டவாளம் மாட்டிய பிறகும் அரிசியை அங்கேதான் வைத்தார்.

தீபாவளிக்கு விஜயன் வந்தான். கோழிக் குழம்பை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டான். உப்பு கொஞ்சம் தூக்கல் என்றான். மன்னிப்புக் கேட்கவில்லை. தனலெட்சுமியும் எதிர்பார்க்கவில்லை. சாவியையும் அவனிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

தைப்பூசம் முடிந்து அவன் மனைவி மாரியாயி மட்டும் தனியாக வந்தாள். சமையலறையில் வெகுநேரம் எதையோ இழுப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அளவு நாடா சுருண்டு உள்ளே போகும் சத்தம் தனலெட்சுமிக்குக் கேட்டது.

"நம்ம வீட்டுலயும் மாத்தலாம்னு பாக்குறேன்கா" என்றாள் மாரியாயி. "அவருகிட்டச் சொல்லிராதீங்க. செஞ்சு முடிச்சதும் தெரியட்டும்."

"நான் சொல்ல மாட்டேன்" என்றார் தனலெட்சுமி. "நீ சொல்லு. முன்னாடியே சொல்லிட்டுச் செய்."