முகமூடிக்குள் இருந்தவர்

முகத்தையே பார்க்காமல் ஒரு மனிதரை ஊர் கொண்டாட முடியுமா? சுடலைக்கண்ணுவின் வாழ்க்கை அந்தக் கேள்வியைத்தான் கேட்டது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்குத் திருவனந்தபுரம் வந்தவர் அவர். உயரத்துக்கு அஞ்சாதவர் என்பதால் ஒரு சின்ன ஸ்டுடியோ அவரைப் பிடித்துக்கொண்டது. 'ககனவீரன்' படங்களில் முகமூடி போட்டுக் கயிற்றில் பறந்ததெல்லாம் அவர்தான். முகம் தெரியும் காட்சிகளுக்கு வேறொரு நடிகர் இருந்தார்.

1994இல் வந்த முதல் படம் ஓடியது. இரண்டாவது சுமார். மூன்றாவது ஒரே வாரத்தில் தியேட்டரை விட்டுப் போனது, நடிகரும் விலகிக்கொண்டார். முதலாளி வர்கீஸ் மட்டும் இன்னும் மூன்று படங்களுக்குத் திட்டம் வைத்திருந்தார்.

"எடா சுடலை, நாலாவதில நீயாக்கும் ஹீரோ. கடைசி சீன்ல முகமூடியக் கழற்றணும். இது ஓடினாத்தான் ஸ்டுடியோ உண்டு, கேட்டா?"

மனைவி இசக்கிசெல்வி சிரித்தாள். "இனியாவது ஊரு ஒங்க மூஞ்சியப் பாக்கட்டும். நான் ஒருத்தியே பாத்துச் சகிச்சது போதும்."

கடைசி நாள் படப்பிடிப்பு சங்குமுகம் கடற்கரையில். கயிறு தாங்குமா என்று, சுடலைக்கண்ணு வழக்கம்போல் தன் எடைக்கு ஒரு மணல் மூட்டையை அதில் பறக்கவிட்டுப் பார்த்தார். பிறகு தானே பறந்து வந்து இறங்கினார். வேடிக்கை பார்த்த கூட்டம் "ககனவீரன்!" என்று ஆர்ப்பரித்தது. கேமரா நெருங்கியது. அவர் கை முகமூடி வரை போய் நின்றது. "கழற்றெடா!" என்று வர்கீஸ் மூன்று முறை கத்தினார். சுடலைக்கண்ணு கயிற்றை அவிழ்த்துவிட்டு நடந்தார்.

படம் முடியவேயில்லை. ஸ்டுடியோ இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்தது; அதற்குச் சாரம் கட்டியவர்களில் அவரும் ஒருவர். அந்த வழியே போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வார். ஏன் கழற்றவில்லை என்று இசக்கிசெல்வி எத்தனையோ முறை கேட்டாள். அவர் சொன்னதேயில்லை.