சீதன வீட்டில் வெள்ளைக்காரர்

சுனாமிக்குப் பிறகு ஒரு வெளிநாட்டு நிவாரண நிறுவனத்தில் எனக்கு நிர்வாக உத்தியோகத்தர் வேலை கிடைத்தது. வெள்ளைக்காரரைப் பராமரிப்பதுதான் வேலை. விசா எடுக்க வேண்டும், வீடு பிடிக்க வேண்டும், குளியலறைக்குள் பாம்பு வந்தால் ஆள் அனுப்ப வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருவர் வருவார். ஊர் பிடிபடும் நேரம் போய்விடுவார். அடுத்தவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். நாலு பேருக்கு வேலை பழக்கினேன். நாலு பேரும் எனக்கு மேலதிகாரிகள்.

அவர்களுக்கு வாவிக்கரையில் ஒரு கல்வீடு பிடித்தேன். வாழைச்சேனைக் காகித ஆலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர் மூத்த மகளின் சீதனத்துக்குக் கட்டியது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். படிவத்தில் ‘உரிமையாளர்’ என்ற கோட்டில் தகப்பனின் பெயரை எழுதினேன். இரண்டு வருட ஒப்பந்தம். கலியாணம் வந்தால் வீட்டை விட வேண்டும் என்று எழுதவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை எதற்கு எழுதுவது என்று நினைத்தேன். பிழை என்னுடையது.

பிறகு சண்டை மறுபடி தொடங்கியது. ஷெல் சத்தம் கேட்டதும் வெளிநாட்டவர் எல்லோரும் கொழும்புக்குப் போக வேண்டும் என்று தலைமையகம் சொன்னது. அப்போது அந்த வீட்டில் இருந்தவர் நீர் வழங்கல் பொறியியலாளர், நாலாவது ஆள். சாமான்களை அங்கேயே விட்டுவிட்டு அவர் போனார். நாங்கள் இருந்தோம். எங்களை யாரும் கேட்கவில்லை. சாவி என்னிடம்.

அடுத்த கிழமை பெண்ணின் தகப்பன் அலுவலகத்துக்கு வந்தார்.

“மனே, ஆவணியில நாள் வெச்சாச்சு. வீட்டைத் தா.”

“ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாசம் இரிக்கு ஐயா.”

“ஆளில்லாத வீட்டுக்கு என்னத்துக்கு ஒப்பந்தம்? அவன்ட சப்பாத்து இரிக்கவா நான் வீடு கட்டினது? மாப்பிள்ளையின்ட தாய் சொல்லிப்போட்டா, வீடு இல்லாட்டி வேற இடம் பாக்கப் போறாவாம்.”

கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். “அந்தப் பெண் வாடகைக்கு வேறு வீடு பார்க்கலாமே” என்றார் பொறியியலாளர். நல்ல மனதோடுதான் சொன்னார். மாப்பிள்ளை பெண்ணின் சொந்த வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று விளக்கினேன்.

“வீடு தகப்பனுடையது என்று நீதானே எழுதினாய்?”

எழுதியது நான்தான் என்றேன். பாதுகாப்பு அதிகாரி பார்த்து அனுமதித்த வீட்டில் வேறு ஆள் நுழைந்தால் அனுமதி போய்விடும், தான் திரும்பி வரும்போது அது வேண்டும் என்றார் பொறியியலாளர். எப்போது வருவீர்கள் என்று கேட்டேன். தெரியாதாம். மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். பரிசீலிக்கிறோம் என்று ஒரு பதில் வந்தது.

கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சாரதியோடு போய் அவருடைய சாமான்களை அலுவலகக் களஞ்சிய அறைக்கு ஏற்றினேன். சாவியைத் தகப்பனிடம் கொடுக்கவில்லை. மகளின் கையில் கொடுத்தேன்.

“உங்கட வேலைக்கு ஒண்டும் வராதா அண்ணே?”

“வரும். நீ கூரையில இரிக்கிற எங்கட ரேடியோ அன்டனாவைக் கழட்டுவிச்சு அனுப்பு.”

கலியாணம் அந்த வீட்டில் நடந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வெளிநாட்டு ஊழியரின் பாதுகாப்பு எனக்கு விளங்கவில்லை என்று எழுதி, பொறியியலாளர் கையெழுத்திட்டிருந்தார்.

கிழக்கில் சண்டை முடிந்ததும் ஐந்தாவது ஆள் வந்தார். அவருக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் முதல் கேள்வியாக, எத்தனை பெண் பிள்ளைகள், மூத்தவளுக்கு என்ன வயது என்று கேட்டேன். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். பக்கத்தில் நின்ற ஐந்தாவது ஆள் என்ன கேட்டாய் என்றார். மொழிபெயர்த்தேன். ஏன் கேட்டேன் என்பதையும் சொன்னேன். பெண்களைப் பற்றி அப்படி விசாரிப்பது நிறுவனத்தின் ஒழுக்கக் கோவைக்கு விரோதம் என்று இரண்டாவது எச்சரிக்கைக் கடிதம் தந்தார்.